ஏரி காலியாக இருந்த நாள்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் பழவேற்காடு இறால் வியாபாரிகள் சங்கத் தலைவர் கௌஸ் மைதீன் பாய் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் ஐந்து குப்பத்துப் பஞ்சாயத்தார்களே, முன்வரிசையில் இருக்கும் செங்கல்வராயனின் மனைவி, எனக்குத் தங்கையான முனியம்மா அவர்களே, இந்த மீன் ஏலக்கூடத்தில் இடம் போதாமல் வெளியே வெயிலில் நிற்கும் என் உறவுகளே! சவுக்குமேட்டுக் குப்பத்துச் சுப்பராயலுவின் மகன் ஜெகதீஸ்வரன் உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

பதினாறு நாட்களுக்கு முன்னால் நாம் இழந்தது யாரை? பாடு தலைவர் செங்கல்வராயன் அவர்களை. இருபத்தாறு வருடம் இந்த ஏரியில் ஒரு வலைக்கும் இன்னொரு வலைக்கும் சண்டை வராமல் பார்த்துக்கொண்ட மனிதரை. மேடைக்கு அவர் 'அவர்'. எனக்கு அவன் 'அவன்'. ஒரே வருடத்தில் பிறந்து, ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் நாங்கள். பேச்சில் மரியாதை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிப்பட்ட கூட்டங்களில் பேசுகிறவர்கள், சொல்ல வார்த்தையே வரவில்லை என்றுதான் தொடங்குவார்கள். எனக்கு நிறைய வருகிறது. நாற்பத்தைந்து வருடமாகச் சேர்த்து வைத்த வார்த்தைகள். அவற்றில் பாதிக்கு மேல் பொறாமை. நண்பனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேசுங்கள் என்று பாய் என்னிடம் கேட்டுக்கொண்டார். நல்லதைத்தான் சொல்லப் போகிறேன். ஆனால் அவன்மேல் நான் பட்ட பொறாமையை விட்டுவிட்டு அவனுடைய நல்லதைச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

வாசலில் கட்டியிருக்கும் பேனரைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தேன். படத்துக்குக் கீழே மூன்று பட்டங்கள் போட்டிருக்கிறீர்கள். பாடு தலைவர். ஏரியின் குரல். தேசிய வல்லுநர் குழுவின் சிறப்பு அழைப்பாளர். முதல் பட்டம் அவனுக்குத்தான், மறுப்பில்லை. இரண்டாவதும் மூன்றாவதும் எனக்கு வந்திருக்க வேண்டியவை என்று அந்த இடத்தில் நின்றபோதும் எனக்குத் தோன்றியது. இறந்துபோனவனுடைய பேனரைப் பார்த்துக்கூட வயிறு எரிகிற மனிதன் ஒருவன் இருப்பானா? இருக்கிறான். மைக்கைப் பிடித்துக்கொண்டு உங்கள் முன்னால் நிற்கிறான்.

பள்ளிக்கூடத்தில் நான் முதல் மாணவன். அவன் கடைசி பெஞ்சு. ஏழாம் வகுப்பில் ஆய்வாளர் ஒருவர் வந்தார். பழவேற்காடு ஏரியின் பரப்பளவு எவ்வளவு என்று கேட்டார். நான் எழுந்து சதுர கிலோமீட்டரில் மூச்சு விடாமல் சொன்னேன். அவர் 'சபாஷ்' என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"எந்த மாசத்துல சார்?"

மழைக்காலத்தில் இந்த ஏரி காட்டூர் வயல் பக்கம் வரைக்கும் ஏறி வரும். கோடையில் முகத்துவாரம் மண்ணடித்தால் பாதி ஏரி சேறாகிவிடும். பரப்பளவு மாதத்துக்கு மாதம் வேறு. குப்பத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். ஆனால் கேட்டவன் அவன். ஆய்வாளர் வகுப்பின் கடைசி வரைக்கும் நடந்துபோய் அவனுக்குக் கை கொடுத்தார். எனக்குக் கிடைக்க வேண்டிய சபாஷ் அன்றைக்கு வரவேயில்லை. அன்றைக்குத் தொடங்கியது என் பொறாமை.

நான் சென்னைக்குப் போனேன். படித்தேன். இந்த ஏரியின் சேற்றில் எவ்வளவு கரிமம் தங்குகிறது என்று ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கினேன். ஒரு நிறுவனத்தில் விஞ்ஞானி ஆனேன். அவன் பத்தாம் வகுப்பை இரண்டு தரம் எழுதிவிட்டுப் படகில் ஏறினான். முப்பது வயதில் அவனைப் பாடு தலைவர் ஆக்கினீர்கள்.

பொன்னேரியிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்திருக்கும் அதிகாரிகளுக்காகப் பாடு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஏரியில் இறால் நன்றாகப் படுகிற இடங்கள் சிலதான். ஒவ்வோர் இடமும் ஒரு பாடு. இந்த இடம் எனக்கு, அந்த இடம் உனக்கு என்று யாருக்கும் சொந்தம் கிடையாது. சீட்டுப் போட்டு எடுப்பார்கள். இன்று உன் முறை, நாளை என் முறை. நேற்று நல்ல இடத்தில் வலை கட்டியவன் இன்று அடுத்த ஆளுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். அந்த முறையை இருபத்தாறு வருடம் நடத்தினான். தன் தங்கை மகனுக்குக்கூட முறை மாற்றிக் கொடுத்ததில்லை. அதற்காகத் தங்கை வீட்டில் இரண்டு வருடம் அவனுக்குச் சோறு கிடையாது.

விடுமுறைக்கு ஊருக்கு வருவேன். வந்த கையோடு நீங்கள் என்னிடம் என்ன கேட்பீர்கள்? "வரும்போது செங்கல பாத்தியா?" என்றுதான். என் நைனா சுப்பராயலுவுக்குக் கடைசி காலத்தில் கண் மங்கிப் போனது. நான் வாசலில் நின்றால், யார் அது என்பார். பெயரைச் சொன்ன பிறகுதான் தெரியும். செங்கல்வராயன் தெருமுனையில் வரும்போதே நடையை வைத்துக் கண்டுபிடித்து, வாப்பா என்பார். பெற்ற மகனுக்கு இது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மருந்து மாத்திரை அனுப்பியது நான். மாலையில் கையைப் பிடித்துக் கரைக்குக் கூட்டிப் போனது அவன். நைனாவின் கைக்கு எது தெரியும்?

இனி மூன்றாவது பட்டத்துக்கு வருகிறேன்.

நிலக்கரிப் புகையைக் குறைத்துக்கொண்டே இந்த நாடு எப்படி வளர்வது, அடுத்த ஐம்பது வருடத்துக்கு யார் எதைக் குறைக்க வேண்டும் என்று தில்லியில் ஒரு தேசியத் திட்டம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். மின்சாரத்துக்கு ஓர் அத்தியாயம், வண்டி வாகனங்களுக்கு ஓர் அத்தியாயம், கடற்கரைக்கு ஓர் அத்தியாயம். அந்தக் கடற்கரை அத்தியாயத்தை எழுதும் குழுவில் நான் உறுப்பினர். முழு உறுப்பினர். குழுவின் தலைவி ஏரியைப் பார்க்க வந்தபோது எல்லா ஏற்பாடும் செய்தவன் நான். அறுபது படம் தயார் செய்து விளக்கம் சொன்னவன் நான். அந்த அம்மா ஒரு மணி நேரம் செங்கல்வராயன் படகில் போய்விட்டு வந்தார். அடுத்த மாதம் தில்லியிலிருந்து அவனுக்குச் சிறப்பு அழைப்பாளர் கடிதம் வந்தது. என் அறுபது படம் என்ன ஆனது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

தில்லிக் கூட்டத்தில் நடந்ததை அவன் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டான். தன் பெருமையைத் தானே பேசுகிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. அதிலும் எனக்குப் பொறாமைதான். ஆகவே நான் சொல்கிறேன்.

பெரிய அறை. ஆளுக்கொரு மைக். யார் முதலில் புகையைக் குறைப்பது என்று காலையிலிருந்து வாக்குவாதம். தொழிற்சாலை அதிகமுள்ள மாநிலங்கள், இப்போதுதான் வளர்கிறோம் என்றன. தொழிற்சாலையே இல்லாத மாநிலங்கள், எங்கள் முறை எப்போது என்றன. என் கையில் நாற்பத்திரண்டு பக்கக் கட்டுரை. அதே விஷயத்தைத்தான் எழுதியிருந்தேன். எட்டு நிமிடம் படித்தேன். ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் மிக்சர் சாப்பிட்டார்.

அப்புறம் இவன் எழுந்தான். இவனுக்கு இங்கிலீஷும் வராது, இந்தியும் வராது. மொழிபெயர்க்க யாரை உட்கார வைத்தார்கள்? என்னை! அவன் சொன்னான்:

"எங்க ஏரில நல்ல பாடு கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே நேரத்துல வலை கட்ட முடியாது. இத்தினி நாளு கட்டினவன் கரையேறணும். இன்னும் கட்டாதவன் எறங்கணும். ஆனா எறங்குறவனும் ஏரிய கெடுத்துட்டுப் போவக் கூடாது. அவ்ளோதாங்க."

நாற்பத்திரண்டு பக்கத்தை அவன் ஐந்து வரியில் சொல்லிவிட்டான். நான் மொழிபெயர்க்க வேண்டும். ஒன்றை உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன். இதைக் கொஞ்சம் மட்டமாக மொழிபெயர்த்தால் யாருக்குத் தெரியப் போகிறது என்று ஒரு நொடி நினைத்தேன். வாய் வரவில்லை. அவ்வளவு நேரான பேச்சைக் கோணலாக்க எனக்கு இங்கிலீஷ் போதவில்லை. அப்படியே சொன்னேன். போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

அதோடு விட்டானா? மத்தியானத்துக்கு மேல் யார் முதலில் பேசுவது என்று மறுபடியும் சண்டை. இவன் நிகழ்ச்சி நிரல் தாளைக் கிழித்தான். சீட்டு எழுதினான். தண்ணீர் டம்ளரில் போட்டுக் குலுக்கி ஆளுக்கொன்று எடுக்கச் சொன்னான். பெரிய பெரிய செயலாளர்கள் எல்லாம் சிரித்துக்கொண்டே எடுத்தார்கள். எனக்குக் கடைசிச் சீட்டு. வரைவுத் திட்டம் வந்தபோது கடற்கரை அத்தியாயத்தின் முதல் பக்கத்தில் அவனுடைய ஐந்து வரி இருந்தது. என் கட்டுரை அடிக்குறிப்பில் இருந்தது. அன்றைக்கும் நான் பொறாமைப்பட்டேன். விமானத்தில் பக்கத்து இருக்கையில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டு வந்தவனைப் பார்த்துப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

அவனைப் புதுசு எதுவும் வேண்டாம் என்கிற ஆள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தலைக்கு மேலே பாருங்கள். இந்த ஏலக்கூடத்துக் கூரையில் சூரியத் தகடு வைக்க வேண்டும் என்று நாலு வருடம் அலைந்தவன் அவன். இன்றைக்கு ஐஸ் மிஷின் ஓடுவது அதில்தான். கூரைகளிலெல்லாம் தகடு வையுங்கள், பள்ளிக்கூடத்தில் வையுங்கள், குடோன்களில் வையுங்கள் என்றான். தெற்கே அனல் மின் நிலையத்துப் புகைபோக்கி நிற்கிற பக்கத்திலிருந்து நம் துணிமேல் விழும் சாம்பலை அவன் மறக்கவில்லை. புகை குறைய வேண்டும் என்று நம்மில் யாரையும்விட அவன்தான் அதிகம் ஆசைப்பட்டான்.

உறவுகளே! இதுவரைக்கும் சொன்னது சிரித்துக்கொண்டே கேட்கிற பொறாமை. இனிமேல் சொல்வது அப்படியல்ல.

அந்த வரைவுத் திட்டத்தின் பின்னிணைப்பில் ஒரு வரைபடம் இருக்கிறது. உங்களுக்குத் தெரியும். ஒரு வருடமாக நீங்கள் தூக்கமில்லாமல் இருப்பதே அதனால்தான். நம் ஏரியில் ஆயிரத்து இருநூறு ஹெக்டேர் 'பயன்பாட்டில் இல்லாத நீர்ப்பரப்பு' என்று நீலக் கோடு போட்டிருக்கிறது. மிதக்கும் சூரியத் தகடுகளுக்கு ஏற்ற இடம் என்று எழுதியிருக்கிறது. அந்த நீலக் கோட்டுக்குள் நம்முடைய இருபத்து மூன்று பாடுகள் இருக்கின்றன. தில்லியில் உட்கார்ந்துகொண்டு எவனோ விவரம் தெரியாதவன் வரைந்திருக்கிறான் என்று நீங்கள் திட்டுவீர்கள். பொன்னேரி ஆர்ப்பாட்டத்தில் அந்த எவனோவுக்கு எதிராகக் கோஷம் போட்டீர்கள். நானும் வந்து ஓரத்தில் நின்றேன்.

அந்த வரைபடத்தை வரைந்தவன் நான்.

பின்னால் எழுந்திருக்கிறாய், பிரவீன். நீ செங்கல்வராயனின் தங்கை மகன், உனக்குக் கோபப்பட உரிமை இருக்கிறது. உட்கார்ந்து கேள். முடித்த பிறகு என்ன கேட்டாலும் பதில் சொல்கிறேன். இங்கேதான் இருப்பேன், எழுந்து போய்விட மாட்டேன்.

எப்படி வரைந்தேன்? வருடம் முழுக்கச் செயற்கைக்கோள் எடுத்த படங்கள் எங்களிடம் உண்டு. பல நாள் படங்களை வைத்து, எங்கே எத்தனை படகு, எத்தனை வலை என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் முறை. எனக்கு ஒரு படம் கிடைத்தது. ஒரு துளி மேகம் இல்லை. அவ்வளவு சுத்தமான படத்தை நான் பார்த்ததில்லை. ஏரியின் நடுவில் ஒரு படகு இல்லை, ஒரு வலைக்கம்பு இல்லை. அந்த ஒரு படத்தை வைத்துக் கோடு போட்டுவிட்டேன். மற்ற நாட்களைப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை? அவன் ஐந்து வரி அத்தியாயத்தின் முதல் பக்கத்தில் இருந்தது. என் பெயரில் ஒரு பெரிய எண்ணாவது இருக்க வேண்டும் என்று எனக்கு வெறி. ஆயிரத்து இருநூறு ஹெக்டேர் பெரிய எண்.

இரண்டாவது தில்லிக் கூட்டத்தில் அந்தப் படத்தைத் திரையில் போட்டார்கள். மொழிபெயர்க்க மறுபடியும் நான். செங்கல்வராயன் ரொம்ப நேரம் படத்தையே பார்த்தான். பிறகு ஏழாம் வகுப்பில் கேட்ட அதே கேள்வியைக் கேட்டான்.

"இது எந்த நாளு எடுத்தது?"

மொழிபெயர்த்தேன். உதவியாளர் ஒருவர் படத்தின் மூலையைப் பெரிதாக்கினார். மூன்று வருடத்துக்கு முந்தைய மார்ச் பதினான்கு. அவன் தலைவியைப் பார்த்துச் சொன்னான்:

"அம்மா, அன்னிக்கு எங்க குப்பத்துல ஒரு பெரியவர் தவறிட்டாரு. சாவு வுழுந்தா அன்னிக்கு எங்காளுங்க யாரும் தண்ணில எறங்க மாட்டாங்க. அதுவும் அவரு எல்லாருக்கும் வேண்டியவரு. அஞ்சு குப்பமும் எறங்கல. வலைக்கம்பகூட புடுங்கிட்டாங்க. அதான் ஏரி காலியா கீது."

நான் மொழிபெயர்த்துக்கொண்டே போகிறேன். அன்று எங்கள் ஊரில் ஒரு பெரியவர் இறந்துவிட்டார் என்று இங்கிலீஷில் சொல்கிறேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. மார்ச் பதினான்கு. என் நைனா செத்த நாள்.

உறவுகளே! அன்றைக்கு நான் கரையில்தான் இருந்தேன். நைனாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் எல்லோரும் வந்தீர்கள். ஐந்து குப்பமும் வந்தது. அத்தனை படகும் என் முதுகுக்குப் பின்னால் மணலில் ஏறிக் கிடந்தன. நான் திரும்பி ஏரியைப் பார்க்கவில்லை. பல மாதம் கழித்துச் சென்னையில் ஏசி அறையில், மூலையில் இருந்த தேதியைக்கூடக் கவனிக்காமல், அதே நாளின் படத்தைப் பார்த்தேன். என் தகப்பனுக்காக இந்த ஊர் தன் ஒரு நாள் பிழைப்பை விட்டுக் கரையேறி நின்றது. அந்த மரியாதைக்குக் கீழே நான் என்ன எழுதினேன்? பயன்பாட்டில் இல்லாத நீர்ப்பரப்பு என்று எழுதினேன். பெற்ற மகன் எழுதினேன். ஏரியைப் படித்துப் பட்டம் வாங்கியவன் எழுதினேன்.

இந்த வரைபடத்தை வரைந்தது யார் என்று தலைவி கேட்டார். வரைபடப் பிரிவில் நாங்கள் நாலு பேர். அந்தக் கேள்வியை அவனுக்குத் தமிழில் சொல்ல வேண்டியவனும் நானே. சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்துவிட்டது. யார் வரைந்தால் என்ன, வரைந்த கையே திருத்திக் கொடுக்கட்டும் என்று சொல்லி உட்கார்ந்தான். அதையும் மொழிபெயர்த்தேன். தலைவி ஒத்துக்கொண்டார். வரைந்தவர் எழுத்தில் பிழையை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டுத் தர வேண்டும், இறுதிக் கூட்டம் வரைக்கும் அவகாசம், அதுவரை வரைபடம் அப்படியே இருக்கும் என்றார்.

வெளியே டீ குடிக்கும் இடத்தில் அவன் என் பக்கத்தில் வந்து நின்றான். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"ஜெகா, அது உங்க நைனா நாளுடா," என்றான். டீயை என் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

அவன் அன்றைக்கு என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். ஊருக்கு வந்து உங்களிடம் சொல்லியிருக்கலாம். ஒரு வருடம் நீங்கள் அவனிடம், எவன் வரைந்தான் என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். சொன்னானா? மனைவி முனியம்மாவிடமாவது சொன்னானா? இல்லை. அந்தப் பெருந்தன்மையை என்னால் தாங்க முடியவில்லை. அவன் நல்லவனாக இருக்க இருக்க நான் சின்னவனாகிக்கொண்டே போனேன். உண்மையைச் சொல்கிறேன். என் வாழ்க்கையில் அவன்மேல் நான் அதிகமாகப் பொறாமைப்பட்டது அந்த ஒரு வருடம்தான்.

கடிதத்தை அவனே பொன்னேரியில் டைப் செய்து எடுத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தான். பிழை நடந்தது, படம் ஊர் துக்கநாளில் எடுத்தது, வரைபடத்தை நீக்கவும். மூன்றே வாக்கியம். யாருடைய துக்கம் என்று அதில் இல்லை. அதையும் மறைத்திருந்தான். நான் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. ஏழு தரம் வந்தான். அடுத்த வாரம் என்றேன். நிறுவனத்தில் அனுமதி கேட்க வேண்டும் என்றேன். வாசகத்தை மாற்ற வேண்டும் என்றேன். கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும்? வல்லுநர் பிழை செய்தார், பத்தாம் வகுப்பு படித்தவர் திருத்தினார் என்று ஊரும் உலகமும் சொல்லும். அவ்வளவுதான் என் பயம். அதற்காக இருபத்து மூன்று பாடுகளை அந்த நீலக் கோட்டுக்குள் வைத்திருந்தேன்.

எட்டாவது முறை வருவதாகக் காலையில் போன் செய்தான். கூட்டத்தில் இருக்கிறேன், இன்றைக்கு வராதே என்றேன். எந்தக் கூட்டமும் இல்லை. நான் வராதே என்று சொன்ன பிறகும் அவன் கிளம்பியிருக்கிறான். பொன்னேரி ரயில் நிலையத்தில், சென்னை ரயிலுக்குக் காத்திருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். எதற்காக அவன் சென்னைக்குக் கிளம்பினான் என்பதுதான் இதுவரை உங்களுக்குத் தெரியாது. என்னைப் பார்க்கத்தான் கிளம்பினான்.

தங்கை முனியம்மா, என்னை மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அதைக் கேட்க எனக்கு வாய் இல்லை.

இன்று காலை கூட்டத்துக்கு முன்னால் முனியம்மா என்னிடம் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் அவனுடைய சட்டையோடு சேர்த்துக் கொடுத்த கவர். உள்ளே இந்த மாதத்துப் பாடு பட்டியல். அதற்கு அடியில் அந்தக் கடிதம். கடிதத்தில் ஒரு பேனா செருகியிருந்தது. என்னிடம் பேனா இல்லை என்று ஒருமுறை சாக்குச் சொன்னேன், அதனால் கையோடு கொண்டு வந்திருக்கிறான். கொடுக்கும்போது முனியம்மா சொன்னது இதுதான்.

"இன்னா காயிதம்னு எனக்குத் தெரியாதுண்ணா. உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி, ஜெகா போட்டுருவான், அவன் நல்லவன்னு சொல்லிக்கினே இருந்தாரு."

அவன் நல்லவன் என்று சொன்னானாம்.

பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தி இன்று ஏரியைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். நைனா நாளில் பார்க்காததற்கும் சேர்த்துப் பார்த்தேன். ஒரு படகு இல்லை. ஒரு வலைக்கம்பு இல்லை. இறால் நன்றாகப் படுகிற மாதம் இது. அவன் இறந்த அன்று கரையேறினீர்கள், அது வழக்கம். இந்தக் கூட்டத்துக்காக இன்றைக்கும் இறங்காமல் இருக்க வேண்டும் என்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. நீங்களாக நிறுத்தியிருக்கிறீர்கள். கௌஸ் மைதீன் பாய் இறால் கடையைப் பூட்டியிருக்கிறார். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகள்கூட லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். பாலத்தின் மேல் நின்று என்ன நினைத்தேன் தெரியுமா? நான் செத்தால் இந்த ஏரி காலியாகுமா என்று நினைத்தேன். ஆகாது. எனக்கே தெரியும். இதுதான் அவன்மேல் என் கடைசிப் பொறாமை, இதை மட்டும் நான் விடப்போவதில்லை.

இந்தக் கூட்டத்தில் எல்லோரும் அவருடைய பணியைத் தொடர்வோம் என்று உறுதிமொழி எடுத்தீர்கள். நான் எதைத் தொடர முடியும்? சீட்டுப் போட எனக்குத் தெரியாது. வலை கட்டத் தெரியாது. ஐந்து வரியில் பேச வராது. என் உறுதிமொழி சின்னது. அடுத்த மாதம் பத்தாம் தேதி இறுதிக் கூட்டம். தில்லிக்குப் போவேன். குழுவிலிருந்து என்னை எடுத்துவிடலாம், நிறுவனம் விளக்கம் கேட்கலாம், கேட்கட்டும். மூன்று படங்களை எடுத்துப் போவேன். முதல் படம் மார்ச் பதினான்கு. அதன் கீழே, 'என் தகப்பனார் சுப்பராயலு இறந்த நாள்' என்று எழுதுவேன். இரண்டாவது படம் இன்றைக்கு மேலே செயற்கைக்கோள் எடுத்துக்கொண்டிருக்கும் படம். அதிலும் ஏரி காலியாகத்தான் இருக்கும். அதன் கீழே, 'செங்கல்வராயனுக்காக ஊர் கரையில் நின்ற நாள்' என்று எழுதுவேன். மூன்றாவது படத்தை நீங்கள்தான் தர வேண்டும். நாளை விடிந்ததும் அத்தனை பேரும் இறங்குங்கள். இருபத்து மூன்று பாடுகளிலும் வலை கட்டுங்கள். பட்டியல் இந்தக் கவரில் இருக்கிறது, அவன் எழுதி வைத்த முறைப்படியே நடக்கட்டும். மேகம் வராமல் இருந்தால் போதும். இது எந்த நாள் என்று யாராவது கேட்டால் இந்த முறை என்னிடம் பதில் இருக்கும்.

அவன் டைப் செய்த கடிதத்தில் ஒரே ஒரு வார்த்தையை மாற்றியிருக்கிறேன். 'ஊர் துக்கநாள்' என்று இருந்த இடத்தில், 'எங்கள் வீட்டுத் துக்கநாள்' என்று என் கையால் எழுதியிருக்கிறேன். கையெழுத்தை இன்னும் போடவில்லை. உங்கள் முன்னால் போட வேண்டும் என்று வைத்திருக்கிறேன். பேனாவை முனியம்மாவிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

தங்கை முனியம்மா, மேடைக்கு வாருங்கள். அவன் பேனா உங்களிடம்தான் இருக்கிறது. உங்கள் கையால் அதை எனக்குக் கொடுங்கள்.